மலை ஏறக் கூடாத வருஷம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகள் கோமதி தொண்டையைச் செருமினாள்.

“அப்பா, ஜனவரியோட வருஷம் முடியுது. பிப்ரவரிக்கு மணாலி டிக்கெட் பாக்கட்டா?”

எடுத்த கவளத்தை நான் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஏன் என்று சொல்ல, போன ஜனவரிக்குப் போக வேண்டும். இத்தனை வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு என்னென்னவோ எழுதியிருக்கிறேன். இதை மட்டும் எழுதவில்லை. வெட்கம். இன்றைக்கும் வெட்கம்தான்... எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் முப்பத்தைந்து வருஷம் மும்பை தாராவியில் ஒரு முறுக்குப் பட்டறையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றவர். சட்டிக்கு எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர். பனி மலை, அடியில் ஒரு சின்ன ஊர், மரக்கூரை வீடுகள். வருஷம் முடிந்து எத்தனையோ வருஷம் ஆகியும் படத்தைக் கழற்ற விடமாட்டார். “இதப் பாத்துக்கிட்டே நின்னா சூடு தெரியாதுளா” என்பார். தெரியாமலா இருக்கும்? கையெல்லாம் கொப்புளத் தழும்பு.

பட்டறையை விட்டு நின்ற பிறகு கண்ணில் பிரஷர் என்றார்கள். வலது கண் போனதே எங்களுக்குத் தெரியவில்லை. டாக்டர் இடது கண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னார் — “சொட்டு மருந்து விடுங்க. ஒரு வருஷம் தாங்கலாம். தாங்காமலும் போகலாம்.”

அன்றைக்கே கோமதி மணாலி என்று ஆரம்பித்தாள். சண்டிகர் வரை ரயில், அங்கிருந்து பஸ். இவருக்கு ஜன்னல் சீட்டு. பிப்ரவரியில் போனால் பனி நிச்சயமாம். தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் வாங்கி வந்தாள். இவர் அந்தக் குல்லாவைப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். போனை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு பனி விழுகிற வீடியோவாகப் பார்ப்பார்.

“ஏளா, இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் கொப்புளமே வராது போலுக்கே!”

கிளம்ப இருபது நாள் இருந்தபோது அந்த போன் வந்தது. இவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன். ஊரிலிருந்து இவருடைய அண்ணன் மகன்.

“சித்தி, அப்பா தவறிட்டாவ. சித்தப்பாட்ட சொல்லுங்க. நாளைக்குக் காலைலதான் எடுக்கோம். பிளேனைப் பிடிச்சு வந்தா மொகம் பாத்துரலாம்.”

அண்ணனுக்கும் தம்பிக்கும் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. ஒரு வேப்ப மரத்தை யார் வெட்டியது என்ற சண்டை. ஆனால் ஊரிலிருந்து யார் வந்தாலும் இவர் கேட்கிற முதல் கேள்வி, “அண்ணாச்சி எப்படி இருக்காவ?”

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது. திருப்பதி கிடையாது, பழனி கிடையாது. இவர் அதில் ஒரு நூல் பிசகாதவர்.

ஒரு வருஷம். அந்தக் கண்ணுக்கு டாக்டர் கொடுத்ததும் ஒரு வருஷம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? “சித்தப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல, வர முடியாது” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். “யாரு போனு?”

“எவனோ... லோன் வேணுமான்னு கேக்கான்.”

“வேண்டாம்னு சொல்லு. நாங்க பனி மலைக்குப் போறோம், வந்து பேசுதோம்னு சொல்லு!” என்று சிரித்தார்.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். ரேஷன் கடையில்கூட என் முறை போனால் போகட்டும் என்று நிற்பவள். அந்தப் பொய் மட்டும் எப்படி அவ்வளவு சுளுவாக வந்தது? நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு இருந்தால் நாக்கு தடுக்குவதே இல்லை.

ஐந்து நாள். கோமதியிடம்கூடச் சொல்லவில்லை. இட்லிப் பொடி இடித்தேன். ரயிலுக்கு முறுக்கு சுற்றினேன். கை வேலை செய்தது. போன் அடித்தால் மட்டும் அவருக்கு முன்னால் ஓடிப் போய் எடுத்தேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் கதவைத் தட்டினார்கள். அடுத்த சந்தில் தையல் கடை வைத்திருக்கும் சுடலைமுத்து அண்ணாச்சி. எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர்.

“வாங்க அண்ணாச்சி” என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றினார். தோள் துண்டை எடுத்து இடுக்கிக்கொண்டார். நேரே உள்ளே போய் இவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. துக்க வீட்டில் ‘வாங்க’ என்று கேட்பதும் இல்லை, வந்தவர் பதில் சொல்வதும் இல்லை. ஊரில் விழுந்த சாவு தாராவிக்கு வராமல் போகுமா? நான் ஒருத்தி வாயைப் பொத்தினால் போதும் என்று நினைத்தேனே!

இவர் குல்லாவோடு உட்கார்ந்திருந்தார். “யாரு வந்துருக்கா?” என்றார். சுடலைமுத்து அண்ணாச்சி இரண்டு கையையும் நீட்டி இவர் கையைப் பிடித்தார்.

அப்படி ஒரு கை வந்து சும்மா பிடித்தால் என்ன அர்த்தம் என்று இவருக்குத் தெரியாதா? குல்லாவைக் கழற்றி மடியில் வைத்தார்.

“யாருக்கு?”

“என்னடே இப்படிக் கேக்க? ஒங்க அண்ணாச்சிக்குத்தான். ஒடம்பு சரியில்லன்னு நீ போகலியாமே... ஆறு நாளாச்சே!”

இவர் என் பக்கம் திரும்பினார். அந்த இடது கண் என்னைத் தேடியது. நான் அடுப்படியில் முறுக்கு டின்னுக்குப் பக்கத்தில் நின்றேன். நகரவில்லை.

சுடலைமுத்து அண்ணாச்சி சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார். அதுவும் வழக்கம்தான்.

இவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பனியா பெருசு? இருக்குத கண்ணுக்கு அண்ணாச்சி மொகத்தக் காட்டியிருக்கலாம்லா” என்றார். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊருக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். டிக்கெட்டைக் கேன்சல் செய்யச் சொன்னார். கோமதி விடுவாளா?

“அரே அப்பா, அது கோயில் இல்ல. டூரிஸ்ட் பிளேஸ்!”

“மலை மலைதான்.”

“அப்போ இங்க பணக்காரங்க இருக்கிற மலபார் ஹில்லுக்கும் போகக் கூடாதா?”

“அங்க நமக்கு யாரு இருக்கா?”

அவள் அழுதேவிட்டாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள், கண்ணைச் சொன்னாள். இவர் அசையவில்லை. “மொகந்தான் பாக்கல. இதையாவது ஒழுங்காச் செய்யுதேன்” என்றார். ஸ்வெட்டர் பரணுக்குப் போனது.

கண் காத்திருக்கவில்லை. மழைக்காலத்தில் வாசல் படியைத் தடவ ஆரம்பித்தார். தீபாவளியன்று பக்கத்து வீட்டுப் பிள்ளை இவர் கையில் ஒரு கம்பி மத்தாப்பைக் கொடுத்தது. “கொளுத்தியாச்சா?” என்று கேட்டார்.

அவர் கையில் அது எரிந்துகொண்டிருந்தது.

இதுதான் அந்த வருஷம். இப்போது புரிகிறதா, கோமதி டிக்கெட் என்றதும் எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று? வேண்டாம் என்று சொல்லப் போகிறார், என் குற்றம் மறுபடியும் தட்டுக்கு நடுவில் வந்து உட்காரப் போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“போடு” என்றார்.

கோமதியே எதிர்பார்க்கவில்லை. “நெஜமாவாப்பா?”

“வருசம் முடிஞ்சா போலாம்லா. ஆனா ஜன்னல் சீட்டு எனக்கு வேண்டாம். ஒங்கம்மைக்குப் போடு. அவ பாத்துச் சொல்லட்டும்.”

நான் நிமிர்ந்தேன். “எனக்கு என்ன சொல்லத் தெரியும்?”

“தெரியணும்ளா” என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே. “அஞ்சு நாளு ஒளிச்சு வைக்கத் தெரிஞ்சுதுல்லா? இத ஒண்ணையும் ஒளிக்காமச் சொல்லு.”

கோபமா, கேலியா? முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. சாப்பிட்டு முடித்துக் கையை நீட்டினார். தண்ணீர் ஊற்றினேன்.

அன்றிலிருந்து சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் உறைந்திருப்பதைச் சுரண்டி வந்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு வார்த்தை வருவதற்குள் தண்ணீராகிவிடுகிறது. அவர் காலண்டரில் பார்த்ததற்குமேல் நான் எதைச் சொல்ல?

உங்களில் யாராவது பனியைப் பார்த்திருந்தால் எனக்கு நாலு வரி எழுதுங்கள். வெள்ளையாக இருக்கும் என்று மட்டும் எழுத வேண்டாம்... அது அவருக்குத் தெரியும்.