வைரவர் கோயிலுக்கு வந்த கொழும்பு நாய்

பொலிஸ் வேலையில எல்லாம் தெரிஞ்சவனா மட்டும் இருந்துடாதீங்க. எந்தக் கந்தோர்ல, ஆபீஸ்ல இருந்தாலும், "அவனைக் கூப்பிடு, அவன் பாத்துக்குவான்"னு பேர் எடுத்தவங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும்.

ஜீப்பில் ஒரு பிரசவம்

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைச்ச புதுசு. ஹட்டன் பக்கத்து ஸ்டேஷன்ல தமிழ் தெரிஞ்ச ஒரே கான்ஸ்டபிள் நான். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகள்ல சண்டையை விலக்குறது, கோர்ட்டுல மொழிபெயர்க்கிறது, ஜீப் ஓட்டுறது எல்லாம் நான்தான். ஒரு தடவை பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போறப்ப, வழியிலேயே பிள்ளை பிறந்துடுச்சு. நான்தான் தாங்கிப் பிடிச்சேன். அந்த அதிர்ச்சியிலதான் கைரேகைப் பயிற்சிக்குக் கொழும்பு போகணும்னு இன்ஸ்பெக்டர்கிட்ட மனு கொடுத்தேன். அங்கே ஒரே வேலை, அதுவும் உக்காந்து செய்யிற வேலை. அவர் சிரிச்சார்.

"அடுத்த மாசம் அனுப்புறேன், இப்ப ஜீப்பைக் கழுவு."

முத்தையா விழுந்தார்

அந்த மாசமே மஸ்கெலியா பக்கத்துத் தோட்டம் ஒண்ணுல வைரவர் கோயில் வெள்ளிச் சூலம் காணாமப் போச்சு. கொழும்பிலிருந்து மோப்ப நாயும் சார்ஜனும் வந்தாங்க. சார்ஜனுக்கு நாயைத் தவிர வேற எதுவும் தெரியாது. நாய் கோயிலை மோந்துட்டு, தினமும் கோயில் கூட்டுற முத்தையா முன்னால போய் நின்னுச்சு. வைரவருக்கு வாகனமே நாய்தானே. முத்தையா தடால்னு அது கால்ல விழுந்து, "குத்தம் குறை இருந்தாப் பொறுத்துக்க சாமி"ன்னு கும்பிட்டார். உடனே கையில விலங்கு! மறியலுக்கு, அதான் ஜெயிலுக்குப் போனா தோட்டத்து வேலைப் பதிவுல அவர் பேரை வெட்டிருவாங்க, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போயிடும். சாமி முன்னால எல்லாரும் சொல்றதுதான்னு எடுத்துச் சொன்னேன். சார்ஜன் சிங்களத்துல திருப்பிக் கேட்டார்.

"குத்தம் செய்யாதவன் எதுக்கு நாய் கால்ல விழுறான்?"

புகார் கொடுத்தவரும் விழுந்தார்

"நாயை லயத்துப் பக்கம் ஒரு சுத்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க சேர்"னு கூட வந்திருந்த எங்க இன்ஸ்பெக்டரைக் கெஞ்சினேன். போன இடமெல்லாம் கும்பிடு. கொழுந்தெடுத்துட்டு வந்த பொம்பளைங்க கூடையை இறக்கிட்டு விழுந்தாங்க. பூசாரி விழுந்தார். கடைசியில, சூலம் காணோம்னு புகார் கொடுத்த, தோட்டத்து ஆளுங்களை மேய்க்கிற பெரிய கங்காணியே தலைப்பாகையைக் கழட்டி வச்சிட்டு நெடுஞ்சாண்கிடையா விழுந்தார். சார்ஜன் நாயையும் கங்காணியையும் மாறி மாறிப் பார்த்துட்டு, முத்தையாவோட விலங்கைக் கழட்டிக்கிட்டே கேட்டார்.

"புகார் கொடுத்தவனும் கள்ளனா?"

கட்டின பெட்டி

மறுநாள் விடிஞ்சா, சூலம் கோயில் வாசல்ல கிடக்குது. வைரவரே நாயை அனுப்பிட்டார்னு எடுத்தவன் பயந்து போட்டுட்டுப் போயிருக்கான். பாராட்டெல்லாம் சார்ஜனுக்கும் நாய்க்கும். மாசம் முடிஞ்சதும் பெட்டியைக் கட்டிக்கிட்டு இன்ஸ்பெக்டர் முன்னால போய் நின்னேன். அவர் என் மனுவை எடுத்து என் கையிலேயே கொடுத்தார்.

"உன்னை அனுப்பிட்டா, அடுத்த முத்தையாவை யாருப்பா காப்பாத்துறது?"

ஒரு வேலை தெரிஞ்சவங்களுக்குப் பதவி உயர்வு வந்துச்சு, எல்லா வேலையும் தெரிஞ்ச எனக்கு எல்லா வேலையும் வந்துச்சு.