ஜவ்வாது மலைப் பயணமும் சூடேறிய முன்சக்கரமும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மலை மேலுள்ள சின்ன கிறிஸ்தவ சபையொன்றின் அறுப்பின் பண்டிகைக்காக நானும் வீட்டுக்காரரும் சேவூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போனோம். எங்கள் வண்டி மீட்டர்படி போக 74 கிலோமீட்டர். 5.40க்குக் கிளம்பினோம், எட்டரைக்குள் சேர்ந்துவிடலாம் என்று கணக்கு. போய்ச் சேர்ந்தது பத்தரைக்கு, பிரசங்கம் முடிந்த பிறகு. அந்தத் தாமதத்துக்குக் காரணம் நான். எழுதவே கூசுகிறது.

எங்களுடையது பழைய ஃபோர் வீல் ஜீப். அந்தப் புதன்கிழமைதான் களம்பூர் மெக்கானிக் சேகர் முன்சக்கரங்களுக்குப் புது பிரேக் பேட் போட்டுத் தந்திருந்தார். களம்பூர் தாண்டியதும் வண்டி இடப்பக்கம் இழுத்தது. போளூர் நெருங்கும்போது மூன்றாவது கியரிலேயே முக்கியது. கூடவே முடி கருகுகிற மாதிரி ஒரு நாற்றம்.

பட்டு நெய்கிற வீட்டில் அது என்ன நாற்றம் என்று தெரியாதவர் கிடையாது. நூல் அசலா என்று பார்க்க நுனியைக் கொளுத்தி முகர்வோம். முடி கருகும் வாடை வந்தால் அது பட்டு. முந்தின நாள் சாயங்காலம், தறியில் மிஞ்சிய கறுப்புப் பட்டு நூலைப் பின்னி, மூன்று முடிச்சுப் போட்டு, இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கம்பியில் திருஷ்டிக்காகக் கட்டியது நான்தான். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஒரே மாதத்தில் வண்டி இரண்டு தடவை உரசியதில் பயந்துபோயிருந்தேன். ஜெபமும் பண்ணினேன், கயிறும் கட்டினேன். பம்பரில் கட்டினால் சபையார் கண்ணில் படும் என்று மறைவான இடம் தேடினேன்.

6.55க்குப் போளூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். வீட்டுக்காரர் நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தார். மூன்று வெதுவெதுப்பு, இடது முன்சக்கரத்தில் கை வைக்க முடியவில்லை. ஃபோர் வீல் கியர் தவறி விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. உடனே சேகருக்குப் போன்.

"இன்னா பேட் போட்ட நீ? டூப்ளிகேட்டா? மலை மேல இப்படி ஆயிருந்தா இன்னா கதி?"

கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. முக்கால் மணி நேரத்தில் சேகர் பைக்கில் வந்து இறங்கினார். பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்தார். மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப் இரண்டு வைத்திருப்பவராம்.

"ரெண்டு வண்டியும் திங்கக்கெழம உங்கிட்ட வுடலாம்னு இருந்தேன் சேகரு. இப்ப வாணாம்ப்பா. ஜனங்கள ஏத்திகினு போற வண்டி."

சேகர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த ஜீப்காரர் போய்விட்டார். நான் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் வரைக்கும் வந்தது, திறக்கவில்லை.

சேகர் ஜாக்கி போட்டு முன்சக்கரங்களைக் கையால் சுற்றினார். வலது மூன்று சுற்று ஓடியது. இடது அரைச் சுற்றில் நின்றது. நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் பிரேக் ஆயிலை வெளியே விட்டார். அப்போதும் சக்கரம் விடவில்லை. "பிரேக் ஓஸ் அடைப்பு இல்ல சார், வேற ஏதோ புடிச்சிகினு இருக்குது" என்று சக்கரத்தைக் கழற்றினார். கயிற்றின் ஒரு முனை அவிழ்ந்து உள்ளே சுற்றி, பேட் பின்வாங்க இடமில்லாமல் கருகி இறுகிக் கிடந்தது. கருகாத துண்டில் இரண்டு முடிச்சு அப்படியே இருந்தது. ஒரு பிசிரைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டி முகர்ந்தார். என்னைப் பார்த்தார்.

"பட்டு சார். ஆரணி ரோட்ல இன்னாதான் கெடக்காது? சுத்திக்கிச்சி."

வீட்டுக்காரர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கேட்கவில்லை.

சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று இன்னொரு பொய். திரும்பும் வழியில், மலை இறங்கியதும் அவரிடம் சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நேராகக் களம்பூர் வரை ஓட்டி, சேகர் ஷெட் வாசலில் நிறுத்தி, "எறங்கு" என்றார். கயிறு கட்டியது நான்தான் என்று சேகரிடம் சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றார் சேகர். "முடிச்சு போட்டுகினு கயிறு தானா வந்து ரோட்ல படுக்குமா?"

"அப்போ ஏங்க சொல்லல?"

"சார் எதிர்ல எதுக்குக்கா பேஜாரு. இனிமே கட்டறதுன்னா பம்பர்ல கட்டுங்க. வீல்ல கட்டினா திருஷ்டியும் போவாது, வண்டியும் போவாது."

வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு ஜீப் என்னாயிற்று என்று கேட்டேன்.

"போன் போட்டேன். எடுக்கல" என்று வேலைக்குத் திரும்பிவிட்டார்.

மலைக்குப் போகிறவர்களுக்கு: போளூரிலேயே டீசல் போட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்குப் போக வர 1,400 ரூபாய் ஆனது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் மலை ஏறாதீர்கள். நிறுத்தி, சக்கரங்களின் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள், ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், சக்கரத்துக்குப் பின்னால் ஏதாவது சுற்றியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மெக்கானிக்கைத் திட்டுவது அதற்கப்புறம்.

அன்று காலை அந்தக் கடையில் இருந்த, இரண்டு ஜீப் வைத்திருக்கும் அண்ணா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. இதை உங்களுக்காகத்தான் எழுதினேன். சேகர் போட்ட பேட் நல்ல பேட். கயிறு நான் கட்டியது. நீங்கள் எழுந்து போகும்போது அது எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அவர் போனை எடுங்கள்.