ஓய்வுபெற்ற சொற்களும் பொத்தான் அக்காவும்

ஊரில் அவளுக்குப் பெயர் பொத்தான் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வானொலி நிலையத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பஞ்சு பிதுங்கிய நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்துவது அவள் உத்தியோகம். வந்தவர் போனவரிடமெல்லாம் அவள் அப்பா, "பொண்ணு ரேடியோவுல இருக்கா" என்று பெருமையடித்துக்கொள்வார். "என்ன பேசறா?" என்று யாராவது கேட்டால்தான் திணறுவார். அவள் பேசுவதில்லை. பேசுகிறவர்களின் வாயைப் பொத்துவாள்.

சொல் நலத்துறை என்று ஒன்று இருந்தது. அது எந்தச் சொல்லையும் தடை செய்ததில்லை. தடை என்ற சொல்லுக்குத்தான் முதலில் ஓய்வு கொடுத்தார்கள். அதன் பிறகு எதையும் தடை செய்ய வழியில்லாமல், மற்ற எல்லாவற்றுக்கும் ஓய்வுதான் கொடுக்க வேண்டியதாயிற்று. பசி போய் உணவார்வம் வந்தது. விலையேற்றம் போய் விலை மலர்ச்சி வந்தது. கரண்ட் போனால் போனதாகச் சொல்லக் கூடாது, விளக்குகள் அமைதி காக்கின்றன என்று சொல்ல வேண்டும். அடுப்படியில் புருஷன் பெண்டாட்டிகூட இப்படிப் பேசப் பழகிவிட்டார்கள். சொல்லை எடுத்துவிட்டால் பொருளும் போய்விடும் என்று துறை நம்பியது. பசி என்னவோ போகவில்லை. அதை வைத்துச் சண்டை போடுவதுதான் முடியாமல் போயிற்று. "எனக்கு உணவார்வமா இருக்கு" என்று எவன் மேஜையைக் குத்திச் சொல்வான்?

தினமும் காலையில் 'நன்றி நேரம்' நேரலையில் வரும். ஜனங்கள் போன் போட்டு அரசாங்கத்துக்கு நன்றி சொல்வார்கள். நடுவில் யாராவது ஓய்வுபெற்ற சொல்லை எடுத்தால் அக்கா பொத்தானை அழுத்துவாள். முதலில் 'கீ' என்று ஓர் ஓசை வந்தது. அதில் ஒரு சிக்கல். ஒரு கிழவர் அப்பாவியாகப் பசி என்றிருப்பார். 'கீ'யைக் கேட்ட ஊர், அவர் அமைச்சரின் தாயாரைப் பற்றி என்னவோ சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ளும். துறை கூடி யோசித்து, இனிமையாக இருக்கட்டும் என்று 'கீ'க்குப் பதில் குயிலை வைத்தது. ஒரே மாதத்தில் குயில் கெட்ட வார்த்தையாகிவிட்டது. துறையின் ஜீப் தெருவில் போனால் மாடிக்கு மாடி குயில் கூவியது. மரத்தில் உட்கார்ந்து யதார்த்தமாகக் கூவிய குயில்களைப் பார்த்துப் பெண்கள் முகம் சிவந்தார்கள்.

பொத்தான் வேலையை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. பேச்சைச் சற்றுத் தாமதித்து அனுப்பும் கருவி ஒன்று ஆரம்பத்தில் இருந்தது. அது எப்போதோ செத்துப்போயிற்று. ஆகவே சொல் வந்த பிறகு அழுத்திப் பயனில்லை. அதற்கு முன்னால் வரும் மூச்சைப் பிடிக்க வேண்டும். ஆத்திரம் வருகிறவன் மூச்சு ஒரு தினுசு, அழப்போகிறவள் மூச்சு வேறு தினுசு. அக்கா மூச்சுகளைக் கேட்டு மூச்சுகளை அழுத்தினாள். அது வேலை என்பதற்கு மேல் அவள் யோசித்ததில்லை. நல்ல வேலையா என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் தம்பி பஸ் டிரைவர். வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டது. 'வண்டி யோசிக்கிறது' என்று அறிவிக்க வேண்டியவன், "வண்டி கெட்டுப்போச்சு, எல்லாரும் இறங்குங்க" என்றுவிட்டான். பயணிகளில் ஒருவர் துறைக்காரர். அவர் திருத்தப்போக, தம்பி அவருடைய வம்சத்தையே பின்னோக்கி ஆராய்ந்தான். பேச்சு நலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பள்ளி என்று பெயர், சுவர் மட்டும் ஜெயில் சுவர். பருவம் முடிந்ததும் மாணவன் 'நன்றி நேர'த்துக்குப் போன் பேச வேண்டும். குயில் கூவாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். கூவினால் இன்னொரு பருவம்.

அவன் பேச வேண்டிய நாள் நெருங்கியபோது தம்பி பெண்டாட்டி ஓடி வந்தாள்.

"அண்ணி, அன்னைக்கு நீங்களே உட்காருங்க. வேற யாரும் வேண்டாம்."

"அவன் வாய்க்கு நான் எப்படிம்மா பொறுப்பு?"

"வாய்க்கு வேண்டாம். விரலுக்குப் பொறுப்பா இருங்க. சின்னதா ஏதாவது உளறினா விட்டுடுங்க. சின்னவன் அப்பா முகத்தையே மறந்துட்டான் அண்ணி."

விட்டால் அக்காவின் வேலை போகும். அதைத் தம்பி பெண்டாட்டியும் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. போனால் போகட்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் அன்று காலை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளர், வெல்லப்பாகு குரலில், "வணக்கம் நேயரே, மனசுல என்ன பொங்குது?" என்றார்.

"நன்றிதாங்க பொங்குது" என்றான் தம்பி. "சாப்பாடு பிரமாதம். தலையணை பிரமாதம். வாத்தியார் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றாரு, அதுவும் பிரமாதம்."

அக்கா காதில் மாட்டியதை இறுக்கிக்கொண்டாள். பையன் தேறிவிட்டான் போலிருந்தது.

"சந்தோஷம், சந்தோஷம். வெளிய வந்ததும் முதல்ல யாரைப் பார்ப்பீங்க?"

இந்தக் கேள்வி ஏற்பாட்டில் இல்லை. தம்பி மூக்கால் மூச்சை உள்ளே இழுத்தான். சின்ன வயதில் இந்த மூச்சு கேட்டால் அம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். அக்கா எதையும் நினைப்பதற்குள் விரல் போய்விட்டது. காதில் தம்பியின் குரல் தெளிவாகக் கேட்டது: "எங்க அக்காவைத்தான்."

ஊருக்குக் கேட்டது குயில்.

மதியத்துக்குள் தம்பி பிரபலமாகிவிட்டான். முதலில் அமைச்சரைப் பார்ப்பேன் என்றானாம். பார்த்து என்ன செய்வேன் என்பதையும் விவரமாகச் சொன்னானாம். முடிவெட்டும் கடையில் அந்த விவரத்தை இரண்டு விதமாகச் சொல்லி இரண்டு பேர் கைகலந்தார்கள். பள்ளி அவனுக்கு இன்னொரு பருவம் எழுதியது.

அக்கா துறைக்குப் போனாள். விசாரணை அறையில் ஓர் அதிகாரி, ஜலதோஷக்காரர், சாதுவான மனிதர். மேஜை மேல் ஒலிப்பதிவுக் கருவியின் விளக்கு எரிந்தது. அறிவிப்பாளரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"அவர் என்ன சொன்னாருன்னு நீங்க கேட்டீங்களா?"

"நானா?" என்றார் அறிவிப்பாளர், உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு. "நேயர்கள் பேசறதை நான் கேட்கிற வழக்கமே கிடையாதுங்க." அவரை அனுப்பிவிட்டார்கள்.

"எங்க அக்காவைன்னு சொன்னான் சார்" என்றாள் அக்கா.

"அக்காவுக்கு இன்னும் ஓய்வு குடுக்கலையே. அப்புறம் ஏன் குயில் கூவிச்சு?"

"விரல் முந்திக்கிச்சு சார்."

"அப்படின்னா?"

அங்கேதான் அக்கா மாட்டிக்கொண்டாள். தப்பு, தவறு, பிழை மூன்றுக்கும் ஒரே நாளில் ஓய்வு கொடுத்திருந்தார்கள். அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே அவை அடிக்கடி வந்து நின்றதுதான் காரணம். இப்போது நாட்டில் நடப்பதெல்லாம் சரி. கொஞ்சம் இடக்காக நடந்தது மாற்றுச் சரி.

அதிகாரிக்கு உதவ மனமிருந்தது. "மாற்றுச் சரின்னு போட்டுடட்டுமா?"

"போட்டா அவன் வெளிய வருவானா?"

"மாற்றுச் சரியும் சரிதானேம்மா. குயில் கூவினது சரின்னா, அவர் உள்ள இருக்கிறதும் சரி."

"கை வழுக்கிடுச்சுன்னு போடுங்க."

"வழுக்கலுக்குப் போன வருஷம் ஓய்வு. சாலைத்துறை கேட்டுக்கிட்டாங்க."

அக்காவுக்கு இனி ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது. அந்தச் சொல் அவள் வாயில் வந்து எத்தனையோ காலமாயிற்று. வீட்டில் சோறு குழைந்தாலும் மாற்றுச் சரிதான். அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். எதிரில் அழுத்துவதற்கு யாரும் இல்லை.

"தப்பு" என்றாள்.

அதிகாரி விளக்கைப் பார்த்தார். "அம்மா."

"தப்பு பண்ணினது நான். அவன் மேல தப்பில்ல."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஒரு தடவையோட நிறுத்தியிருந்தா தும்மல்னு எழுதியிருப்பேனே" என்றார் பரிதாபமாக.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் தும்மலை வைத்து யாரையும் விடுவிக்க முடியாது. குற்றம் அக்காவுடையது என்று பதிவாகிவிட்டதால் குயில் ரத்தாயிற்று. குயில் ரத்தானதால் தம்பி தேறினான். அக்காவுக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது.

இரண்டும் ஒரே நாளில் என்பதால் வாசலில் சந்தித்துக்கொண்டார்கள், ஆளுக்கொரு பையோடு. காவலாளி பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"அறிவிருக்கா உனக்கு?" என்றான் தம்பி. "அக்கான்னு சொன்னதுக்கா அழுத்தின?"

"நீ ஏன்டா மூக்கை அப்படி இழுத்த?"

"சளிக்கா. உள்ள சுவரெல்லாம் ஈரம். எல்லாருக்கும் சளி."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறு எதுவாகவோ மாறப் பார்த்தது. பையைக் கை மாற்றிக்கொண்டாள். "அதை விடு. பிள்ளைய போய்ப் பாரு. உள்ள எப்படிடா இருக்கு?"

தம்பி காவலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பகல்ல வாத்தியாரு கழுத்தறுப்பாரு. தூங்கிடு. சாயங்காலம் அந்தாளு போனதும் ஆரம்பிக்கும் பாரு. நாடு முழுக்க ஓய்வு குடுத்த வார்த்தையெல்லாம் அங்கதான் வேலை பாத்துக்கிட்டிருக்கு. நான் கேள்விப்படாததெல்லாம் கத்துக்கிட்டேன்."

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாதேடா. பேந்தப் பேந்த முழிப்பேன்."

"உனக்கென்ன. ஆபீசர் மூஞ்சிக்கு நேரா தப்புன்னு சொன்னவள்னு பொம்பளைங்க பக்கம் இப்பவே பேச்சு. பெரிய மரியாதை. எந்தக் கட்டில் வேணும்னு கேட்பாங்க."

பூட்டு திறந்தது. காவலாளி கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

"சுவர் ஓரம் மட்டும் வேண்டாம்னு சொல்லிடு" என்றான் தம்பி.