எந்தப் பக்கம் என் மகள்

என் மகள் கத்துகிறவள். குறையாகச் சொல்லவில்லை, பாட்டுக் குழுவில் அவளுடைய வேலை அது. கித்தாருக்கு ஒருவர், டிரம்ஸுக்கு ஒருவர், கத்துவதற்கு இவள். பகலில் தெரணியகலையில் ஒரு பாமசியில் நிற்கிறாள். அங்கே அவள் பேசுவது மருந்து வாங்க வந்தவருக்கே சரியாகக் கேட்காது.

இந்த இசைக்குப் போஸ்ட்-ஹார்ட்கோர் என்று பெயராம். ஹார்ட்கோரையே அறியாத எனக்கு அதற்குப் பிந்தியது எங்கே விளங்கப் போகிறது? ஆனால் விளங்காத விஷயத்தில் கருத்துச் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை. போன தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால், "கதவு இடுக்குல விரல் மாட்டுன மாதிரி கத்துறா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு என்னிடம் பாட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த ஊரில் நிகழ்ச்சி என்பதைக்கூட மனைவி சொல்லித்தான் அறிந்துகொண்டேன்.

இந்த வருடம் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வந்தது. முழுத் தட்டும் அவர்களுடையதல்ல. ஒரு பக்கம் இவர்கள், மறுபக்கம் இரத்தினபுரியைச் சேர்ந்த சிங்களப் பையன்களின் குழு. தனித்தனியாகத் தட்டுப் போட வசதியில்லாத குழுக்கள் இப்படி ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொள்வது வழக்கமாம். மகள் அதையும் எங்கோ வாங்கிய பழைய பிளேயரையும் என் மேசையில் வைத்தாள்.

"ஒரு தடவயாவது ஒழுங்கா கேளுங்கப்பா. கேட்டுட்டு உண்மையச் சொல்லுங்க. இரத்தினபுரியில ஷோ இருக்கு. உங்களக் கூப்பிடுறதா வேணாமான்னு அப்பறம் சொல்றேன்."

அந்த நிகழ்ச்சிக்குப் போக எனக்கு எவ்வளவு ஆசை என்பது அந்த நிமிடம்தான் எனக்கே தெரிந்தது.

நான் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். எதையும் முறையாகச் செய்து பழகியவன். ஞாயிற்றுக்கிழமை குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். பாட்டுக் கேட்க எதற்குச் சலவைச் சட்டை என்று மனைவி கேட்டாள். தட்டில் எந்தப் பக்கம் எந்தக் குழு என்று போட்டிருக்கவில்லை. அதனால் என்ன? ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். இரண்டு மொழியும் தெரிந்த எனக்கு இது ஒரு சிரமமா?

தமிழ்ப் பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். முதலில் தலைவலித்தது. பிறகு மழை, லயத்து வீடு, கதவு என்று ஒவ்வொரு சொல்லாகப் பிடிபட்டது. சிங்களப் பக்கத்தை மரியாதைக்காகப் போட்டேன். அதில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

மாலையில் மகள் வந்ததும், எழுதி வைத்திருந்த கருத்துகளைக் கூட்ட அறிக்கை வாசிப்பதுபோல் எழுந்து நின்று சொன்னேன்.

"உச்சரிப்பு சுத்தம்மா. என்னதான் கத்தினாலும் சொல்லு விளங்குது. சின்ன வயசுல நீ பாடுன அதே குரல். கேட்டவுடனே என் பிள்ளன்னு தெரிஞ்சிருச்சு."

மகள் தாயைப் பார்த்தாள். தாய் சுவரைப் பார்த்தாள்.

"மத்தப் பக்கம்?"

"அந்தப் பையனா? முழுசா கேக்க முடியலம்மா. இடிஞ்ச வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவன் மாதிரி கத்துறான். பயமாப் போச்சு. நிப்பாட்டிட்டு தண்ணி டேங்குகிட்ட போய் நின்னேன். அவன் வீட்டுல ஏதும் பிரச்சினையா?"

"அது நான்ப்பா."

ஒரு குழுவின் பாட்டுகளை மற்றக் குழு பாடுவது என்று அவர்கள் பேசி வைத்திருந்தார்களாம். இவள் எழுதிய தமிழை அந்தப் பையன் சிங்கள எழுத்தில் எழுதி வைத்துப் பாடியிருக்கிறான். அவன் பாட்டு, மண்சரிவில் போன அவன் பெரியம்மாவின் வீட்டைப் பற்றியது. அதைத்தான் இவள் சிங்களத்தில் பாடியிருக்கிறாள்.

"பெத்த பிள்ள குரல் தெரியல. ஆபீஸ்ல ஊருக்கே பிழை கண்டுபிடிக்கிறாரு," என்றாள் மனைவி.

மகள் அதற்குள் போனை எடுத்து அந்தப் பையனிடம் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் என்னோடு பேச வேண்டும் என்றான்.

"அங்கிள், மகே தெமள ஹரித?"

தன் தமிழ் சரிதானா என்று கேட்கிறான். வேறு என்ன சொல்வது?

"ஹரியட்டம ஹரி, புத்தா," என்றேன். மிகச் சரி, மகனே என்று அவனுக்கு இரண்டாம் முறையும் சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் தாளை நாலாக மடித்தேன். "அப்ப என்னையக் கூப்பிட மாட்ட," என்றேன்.

"நெசமாவே பயந்தீங்களாப்பா?"

"பயந்தேன்மா."

"என் குரலுக்கா?"

"உன் குரலுன்னு தெரியாதே. ஆனா அந்தக் குரலுக்குத்தான்."

அவள் தட்டை எடுத்து உறைக்குள் போட்டாள்.

"வாங்க. ஆனா நாற்காலி எல்லாம் இருக்காது. நின்னுகிட்டுத்தான் கேக்கணும். பாதியில வெளிய ஓடக் கூடாது."

"எங்க நிக்கணும்?"

"இவரு வாசலுகிட்ட நிக்கட்டும்," என்றாள் மனைவி.

"இல்லம்மா," என்றாள் மகள். "முன்னால."