ஏனுங்க, போங்க!

லடாக்கில் சாலை தீர்ந்துபோய் வெறும் கூழாங்கல் வெளியில் பைக் ஓட்டிக்கொண்டிருந்தோம். திருப்பூர் பனியன் கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்தே வளர்த்த என் தொப்பை முன்னால், மனைவி பின்னால். குறுக்கே ஓர் ஓடை வந்தது. மதியமானால் பனி உருகித் தண்ணீர் ஏறிவிடும். அதற்குள் தாண்டாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஆனாலும் கரையிலேயே பைக்கை நிறுத்திவிட்டேன். நல்லவேளையாக, நடு ஓடையில் சடை தொங்க ஒரு யாக் மாடு நின்றது.

"மாடு நகரட்டும்" என்றேன். பயத்துக்கு இவ்வளவு கௌரவமான காரணம் கிடைப்பது அபூர்வம்.

"ஏனுங்க, போங்க! போங்கங்கறேன்!" என்று பின்னாலிருந்து அதட்டல் வந்தது.

கல்யாண நாள் முதல் கேட்டுப் பழகிய குரல். கை தானாக ஆக்ஸிலரேட்டரை முறுக்கிவிட்டது. தண்ணீர் முழங்காலுக்கு மேல் அடித்தது, கற்கள் உருண்டன, நான் கத்தினேன், மாட்டை உரசிக்கொண்டு அக்கரை ஏறிவிட்டோம்! நெஞ்சு தறி மாதிரி அடித்தது. இன்னும் நாலு ஓடை இருந்தாலும் தாண்டியிருப்பேன்.

"பாத்தியா உன் புருஷனை!" என்றேன்.

"அட, நான் போகச் சொன்னது அந்த மாட்டைங்க!"

எங்கள் ஊர் மரியாதை மாட்டுக்கும் உண்டு. திரும்பிப் பார்த்தேன். அது அசையாமல் அங்கேயே நின்றது. சொன்ன பேச்சைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.