புருசெத்தில் இரண்டாவது வரிசை

2006 ஜூன், சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. ஒஸ்லோ நகர மையத்திலிருந்து புருசெத்துக்குச் சுரங்க ரயிலில் இருபது நிமிடம். சென்னையில் என்னோடு படித்த யாழ்ப்பாணத்துத் தோழி வசந்தி அங்கே ஓர் அடுக்குமாடியில் இருக்கிறாள். பெட்டியை வைத்த கையோடு என்னை மேல்மாடிக்கு இழுத்துப் போனாள். அங்கே ஹஃபீசாவின் மகளுக்கு மருதாணி வைக்கிறார்கள்.

ஹஃபீசா ஸ்ரீநகர்க்காரர். அவர் கொடுத்த தேநீர் இளஞ்சிவப்பு. வாயில் வைத்தால் உப்பு! மரியாதைக்காக முதல் கோப்பையை முழுங்கித் தொலைத்தேன். இரண்டாவதை நானே கேட்டு வாங்கினேன். வீட்டில் உருது பேசுவீர்களா என்று விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன். உருதுவும் வரும், ஆனால் தன் மொழி காஷ்மீரி, அதைத் தாங்கள் 'கோஷுர்' என்று அழைப்பதாகச் சொன்னார். அவர் நோர்வேஜிய மொழியில் சொல்ல, வசந்தி எனக்குத் தமிழில் சொன்னாள்.

மகள் வாழப்போவது ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான திராமனில் இருக்கும் ஒரு லாகூர்க் குடும்பத்தில். அங்கே ஒருவருக்கும் கோஷுர் தெரியாது. அதனாலேயே அவளைக் கோஷுரில் பாடித்தான் அனுப்புவேன் என்று ஹஃபீசாவுக்கு ஒரே பிடிவாதம். 'வன்வுன்' என்னும் கல்யாணப் பாட்டுக்குப் பெண்கள் இரண்டு வரிசையாக நிற்க வேண்டும். ஒரு வரிசை பாடியதை மற்றது திருப்பிப் பாடும். மொழி தெரிந்தவர்களோ நான்கே பேர், ஒரு வரிசைக்குத்தான் காணும்.

மாப்பிள்ளையின் மாமா ஒலிபெருக்கியோடு வந்திருந்தார். எல்லோருக்கும் புரிகிற உருதுப் பாட்டைப் போட்டால் போயிற்று என்றார். எனக்குச் சுரீரென்றது. டெல்லியில் வேலை பார்த்த மூன்று வருடமும் இந்த 'எல்லோருக்கும் புரிகிற' கதையைக் கேட்டுக் காது புளித்தவள் நான்.

"எழும்படி," என்றாள் வசந்தி. "ரெண்டாவது வரிசைக்கு நாங்கள் நிப்பம்."

நின்றோம். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்கள் மூவரும் வந்து சேர்ந்தார்கள். மெதுவாக இழுத்து இழுத்துப் போகிற பாட்டு அது. அவர்கள் பாடியதைத் தப்பும் தவறுமாக, ஆனால் தொண்டை கிழியத் திருப்பினோம். அர்த்தம் தெரியாமல் கத்தி என்ன பயன் என்று மாமா சிரித்தார். ஹஃபீசா அவரைத் திரும்பிப் பார்த்து நோர்வேஜிய மொழியில் ஏதோ சொன்னார். வசந்தி என் காதில் சொன்னாள்:

"விளங்க வேண்டியவளுக்கு விளங்குதாம்."

மணப்பெண் ஒஸ்லோவில் பிறந்தவள், அதுவரை தலை குனிந்தே இருந்தவள். ஈர மருதாணிக் கைகளை உயர்த்திப் பிடித்தபடி எழுந்து வந்து எனக்கும் வசந்திக்கும் நடுவில் நின்றாள். தன் கல்யாணப் பாட்டை மணப்பெண்ணே பாடும் வழக்கம் இல்லையாம். அவள் பாடினாள்.