வரி கட்டிய இலை

எனக்குப் பொய்யும் வராது, பணிவும் வராது. கணவர் போனபின் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால், சுருட்டு சுற்றி விற்றுப் பிழைத்தேன். கப்பலில் வரும் திண்டுக்கல் புகையிலையைக் கிள்ளான் துறைமுகத்தில் நானே தீர்வை கட்டி எடுத்து வருவேன்.

சர்க்கார் வரியை ஏற்றியதும் நானும் விலையை ஏற்ற வேண்டியதாயிற்று. விலை ஏறினால் கூலிக்காரன் புகைப்பதைக் குறைப்பான் என்று துரைமார் நினைத்தார்களாம். எவன் குறைத்தான்? எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடுகிறவர்கள் ஒரு சுருட்டை இரண்டாக நறுக்கித் தரச் சொன்னார்கள். அதற்கும் கட்டுப்படியாகாதவர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். அங்கே அரிசி மூட்டைக்குள் ஒளிந்து வரி கட்டாத இலை வந்துகொண்டிருந்தது. தெருவுக்கே தெரியும். நான் ஒருத்திதான் ரசீதும் கையுமாக இளிச்சவாய்போல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூசைக்குக் கத்தி, பலகை, ரசீது எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துப் படைத்திருந்தேன். மறுநாள் மறுபூசை போடும்வரை எதையும் தொடக்கூடாது. அன்றைக்குப் பார்த்துச் சுங்கத்து வெள்ளைக்காரர் ஒருவர் வந்து நின்றார், கூடவே அவருக்கு எழுத்து வேலை பார்க்கும் நம்மவரான ஒரு கிராணியும். நான் வரி கட்டாத இலை விற்கிறேன் என்று எவனோ பொய்யாகப் போட்டுக் கொடுத்திருந்தான்.

"ரசீதக் காட்டுங்கக்கா. இல்லாட்டி இலையத் தூக்கிட்டுப் போயிருவாங்க" என்றார் கிராணி.

"சாமிகிட்ட இருக்கு, அந்தா தெரியுது பாருங்க. நாளைக்கு எடுத்துத் தரேன்."

"தொர இப்பவே கேக்குறாரு."

"உங்க பேனா எங்கங்க?" என்றேன். அவர் காதில் பென்சில்தான் செருகியிருந்தது. பேனா அவர் வீட்டுப் பூசையில் இருந்திருக்கும். மனுஷர் தலையைக் குனிந்துகொண்டார். துரையிடம் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு மாதப் பிழைப்புக்கான இலைக்கட்டுகள் அத்தனையும் வண்டியேறின. ரசீதை எடுத்து நீட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரி திட்டினாள். துரை மிரட்டினால் நான் சாமி முன்னால் இருப்பதைக் கலைக்க வேண்டுமா?

மறுநாள் பூசை முடித்து ரசீதைச் சுங்க ஆபீஸ் மேசையில் வைத்தேன். ரசீது சரியாக இருந்தது. இலை சரியாக இல்லை. வராந்தாவில் போட்டுவைத்திருந்ததில் மழைச்சாரலில் நனைந்து குப்பையாகியிருந்தது.

"கட்டுன வரியாச்சும் திரும்பக் கெடைக்குமா?" என்று கிராணியைக் கேட்டேன்.

"சட்டத்துல அதுக்கு எடமில்லக்கா."

அன்று சாயங்காலமே எதிர்க்கடைக்குப் போய் இலை வாங்கினேன். திருட்டு இலைதான். அன்றும் வெட்கப்படவில்லை, இன்றும் படவில்லை.

சில நாள் கழித்துக் கிராணி தனியாக வந்து ஒரு சுருட்டு வாங்கினார். கடைவாசலில் தொங்கிய கயிற்று நெருப்பில் பற்றவைத்தபடி, "வெல கொறஞ்சிருக்கே, எப்படிக்கா?" என்றார்.

"வரி கட்டாத இலைங்க" என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். இன்னொரு இழுப்பு இழுத்தார்.

"இன்னும் நாலு கட்டிக் குடுங்க" என்றார்.